பின் சீட்டுக்குன்னே கட்டின கார்: வாசகர் கேள்வி பதில்

டிரைவர் வச்சு ஓட்டுற பெரிய சொகுசு செடான்களப் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு போன இதழ்ல சொல்லியிருந்தோம், நெறைய கடிதம் வந்துச்சு. ஒரே மாதிரி கேள்விகள ஒண்ணாச் சேத்துட்டு, மிச்சத்துக்கு முடிஞ்ச அளவு விளக்கமா பதில் சொல்லியிருக்கோம்.

கேள்வி: ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் உள்ள உக்காந்தா வெளிச்சத்தம் எதுவுமே கேக்காதுன்னு சொல்றாங்களே, நிஜமா? அப்டி என்னதான் பண்றாங்க? (சேலம் வாசகர்)

எதுவுமே கேக்காதுன்னு இல்ல, ஆனா மத்த காருங்கள்ல நாம பழகிப்போன சத்தத்துல பெரும்பகுதி அங்க இருக்காது. 2017ல வந்த எட்டாவது தலைமுறை ஃபேன்டத்துல சத்தத்த அடக்குறதுக்குன்னு மட்டும் 130 கிலோவுக்கு மேல பொருள் போட்டிருக்காங்க, அதாவது ரெண்டு ஆள் எடைய எப்பவும் சும்மா தூக்கிட்டுப் போகுது அந்த வண்டி, மைலேஜப் பாக்குற எந்தக் கம்பெனியும் இதச் செய்யவே மாட்டாங்க. சுத்திலும் ரெண்டு அடுக்குக் கண்ணாடி, 6 மில்லிமீட்டர் கனம். டயருக்குள்ளயே ஃபோம் ஒட்டியிருக்கும், ஏன்னா ஓடுற டயருக்குள்ள இருக்கிற காத்து ஒரு மாதிரி ரீங்காரம் போடும், அந்த ஃபோம் அத உறிஞ்சிக்குது, இதால மட்டும் டயர் சத்தம் 9 டெசிபல் கொறையுதுன்னு கம்பெனி சொல்லுது. இந்த டயருக்காக 180 டிசைன் போட்டுப் பாத்தாங்களாம்.

இதவிட எனக்குப் பிடிச்ச விஷயம் இதே கம்பெனியோட 2020ல வந்த கோஸ்ட் கார்ல நடந்தது. அதுலயும் 100 கிலோவுக்கு மேல சத்தத்தடுப்பு போட்டு, ஒவ்வொரு பாகமா எடுத்து எது முனகுது எது அதிருதுன்னு பாத்துப் பாத்து சரி பண்ணி முடிச்சா, உள்ள உக்காந்தவங்களுக்கு ஒரு மாதிரி தல சுத்துற உணர்வு வந்திருக்கு. வண்டி ஓடுறத கண்ணு பாக்குது, காதுக்கு ஒண்ணுமே வரல, அதான் காரணம். அதனால திரும்ப உக்காந்து சீட்டு ஃப்ரேம்ல இருந்து எல்லாப் பாகத்தையும் ஒரே சுருதிக்கு வர்ற மாதிரி மாத்தி, லேசா ஒரு கிசுகிசுப்ப மட்டும் வேணும்னே விட்டு வச்சாங்க. டிக்கியோட காலியிடத்துல இருந்து வந்த ஒரு தாழ்ந்த உறுமல் அந்தச் சுருதியோட சேரலன்னு, பின் கண்ணாடிக்குக் கீழ இருக்கிற பலகைக்கு அடியில காத்துப் போக வழி வச்சாங்க. இவ்ளோ பொறுமையா காதுக்காக வேல பாக்குறவங்கள நெனச்சா எனக்கு மரியாதையா இருக்கு.

இந்தக் கம்பெனிக்கு இது பழைய பழக்கம்தான். 1958லயே டேவிட் ஓகில்விங்கிற பிரபல விளம்பரக்காரர் எழுதின அவங்க விளம்பரத்துல, 60 மைல் வேகத்துல போகும்போது உள்ள கேக்குற பெரிய சத்தமே கடிகாரத்தோடதுதான்னு போட்டிருந்தாங்க.

கேள்வி: நம்ம ரோட்டுல பள்ளம் மேடு எதுவும் தெரியாம போகுமா? கம்பளத்துல மிதக்குற மாதிரின்னு விமர்சனத்துல எல்லாம் எழுதுறாங்க. (கோயம்புத்தூர் வாசகர்)

மிதக்குறதுன்னா என்னன்னு முதல்ல பாத்துடுவோம். உக்காந்திருக்கிற நம்ம உடம்புக்கு நொடிக்கு 4ல இருந்து 8 தடவ வரைக்கும் மேல கீழ ஆடுற ஆட்டம்தான் ரொம்ப ஒத்துக்காது, வயிறு குடல் எல்லாம் அதுல குலுங்கிடும். அந்த ஆட்டம் உள்ள வராம தடுக்கணும்னா ஸ்ப்ரிங்க ரொம்ப மெதுவா விடணும், நொடிக்கு ஒரு தடவ பக்கம் ஏறி எறங்குற மாதிரி. ஆனா அதையும் தாண்டி இன்னும் தொளதொளன்னு விட்டா, அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவ ஆடுற கப்பல் ஆட்டம் வந்துடும், வாந்தி வர்றது அதுலதான். ஆக மெத்துன்னும் இருக்கணும், அலையவும் கூடாது, இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்குறதுதான் கஷ்டமே.

ஃபேன்டம் இத எப்டி சமாளிக்குதுன்னா, ஏர் சஸ்பென்ஷன் இருக்கு, அதாவது வண்டியத் தாங்குறது காத்து அடைச்ச ஸ்ப்ரிங், முன் கண்ணாடில ஒரு கேமரா இருக்கு, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் அது முன்னாடி ரோட்டப் பாத்து, மேடு வர்றதுக்கு முன்னாடியே சஸ்பென்ஷன தயார் பண்ணி வச்சிடும். அதுக்கு அவங்க வச்ச பேரு 'கொடி பிடிக்கிறவர்'ங்கிற அர்த்தத்துல இருக்கும், ஏன்னா இங்கிலாந்துல 1865ல ஒரு சட்டம் போட்டாங்க, ரோட்டுல போற இஞ்சின் வண்டிக்கு முன்னால ஒரு ஆள் சிவப்புக் கொடியோட நடந்து போகணும்னு.

அப்புறம் ரெண்டு முக்கியமான காரணம் யாரும் பேசுறதில்ல. ஒண்ணு எடை, 2.5 டன்னுக்கு மேல இருக்கிற வண்டிய ஒரு சக்கரம் தட்டி அசைக்கிறது கஷ்டம். இன்னொண்ணு நீளம், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 3,552 மில்லிமீட்டர், அதனால முன் சக்கரம் மேட்டுல ஏறினாலும் வண்டி தலையாட்டுறது கொறவு.

ஆனா நேர்மையா சொல்லணும்னா, வெள்ளப் பட்டை எதுவும் இல்லாம திடீர்னு எழும்பி நிக்குற நம்ம ஊரு ஸ்பீட் பிரேக்கர்ல வேகமா விட்டா எந்த வண்டியும் தூக்கித்தான் போடும். அங்க காப்பாத்துறது கேமரா இல்ல, டிரைவரோட கண்ணு.

கேள்வி: இந்த மாதிரி வண்டிய ஓனரே ஓட்டினா நல்லா இருக்குமா, இல்ல பஸ் ஓட்டுற மாதிரி இருக்குமா? (திருச்சி வாசகர்)

நல்லாவே இருக்கும், ஆனா ஸ்போர்ட்ஸ் கார் ஆசையோட உக்காரக் கூடாது. ஃபேன்டத்தையே எடுத்துக்கோங்க, 6.75 லிட்டர் வி12 இஞ்சின், ரெண்டு டர்போ, 563 குதிரை சக்தி, ஆனா பாக்க வேண்டிய நம்பர் அது இல்ல, 900 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுக்குற பலம், இஞ்சின் நிமிஷத்துக்கு வெறும் 1,700 சுத்து (ஆர்பிஎம்) சுத்தும்போதே வந்துடுது, அதனால இஞ்சின் கத்த வேண்டிய அவசியமே வராது. டேஷ்போர்டுல ஆர்பிஎம் மீட்டரே கெடையாது, அதுக்குப் பதிலா இன்னும் எவ்ளோ சக்தி கையிருப்புல இருக்குன்னு காட்டுற முள்ளு. சாதாரணமா ஓடிட்டிருக்கும்போது பெரும்பகுதி மிச்சமாத்தான் இருக்கும். கியர் பாக்ஸ் ஜிபிஎஸ்ஸப் பாத்து முன்னாடி வளைவு வருதா ரவுண்டானா வருதான்னு தெரிஞ்சுகிட்டு அதுக்கேத்த கியர முன்கூட்டியே போட்டுக்கும். பின் சக்கரமும் லேசா திரும்பும், அதனால 5.7 மீட்டருக்கு மேல நீளம் இருந்தாலும் திருப்புறது நெனச்ச அளவுக்குப் பயமில்ல. ஸ்டீயரிங் விரல்லயே சுத்தலாம், ரோடு எப்டி இருக்குன்னு கைக்கு அதிகம் சொல்லாது, வேணும்னேதான் அப்டி. ஓட்டுறதுலதான் சந்தோஷம்னு இருக்கிறவங்க இதே காசுல வேற வண்டி பாக்கலாம்.

கேள்வி: நான் சென்னைல ஆக்டிங் டிரைவரா இருக்கேன் சார். ஒரு பெரிய முதலாளி வீட்டுல மெர்சிடிஸ் மேபேக் எஸ் கிளாஸ் ஓட்டக் கூப்பிட்டிருக்காங்க. பின்னாடி இருக்கிறவருக்கு பிரேக் போடுறதே தெரியக் கூடாதுன்னு கண்டிஷன். எப்டி சார் பழகுறது?

தம்பி, இந்த இதழ்ல வந்த கடிதத்துலயே முக்கியமானது உங்களோடதுதான், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். கோடிக்கணக்குல கொட்டி இஞ்சினியருங்க பண்ணி வச்சதெல்லாம் உங்க வலது காலுக்குள்ள வந்துதான் முடியுது. முரட்டுக் கால் இருந்தா பத்து கோடி வண்டியும் ஷேர் ஆட்டோ மாதிரிதான் குலுக்கும். இத நான் முழு மனசோட சொல்றேன், நல்ல டிரைவர் கையில ஒரு சாதாரண செடான் தர்ற சுகத்த மோசமான டிரைவர் கையில ஃபேன்டம் தராது.

நம்ம உடம்பு வேகத்த உணராது, வேகம் மாறுறதக் கூட ஓரளவு தாங்கிக்கும், ஆனா அந்த மாற்றம் சட்டுனு வந்தா மட்டும் தாங்காது, தலை முன்ன போய் பின்ன வரும். வண்டி நிக்குறப்ப அதுதான் நடக்குது. பிரேக்க ஒரே அழுத்தா பிடிச்சுட்டே இருந்தீங்கன்னா, நிக்குற அந்த நொடில பிரேக் இழுக்குறது திடீர்னு இல்லாம போயி, முன்னால குனிஞ்ச வண்டி பொசுக்குன்னு பின்னால நிமிரும். அதனால முதல்ல லேசாத் தொடுங்க, அப்புறம் நடுவுல தேவையான அளவு அழுத்துங்க, கடைசி ஒரு மீட்டர்ல, வண்டி நிக்கப் போற நேரத்துல, மெல்ல பிரேக்க விட்டுக்கிட்டே வாங்க, எப்ப நின்னுச்சுன்னே தெரியாம நிக்கும், நின்னதுக்கப்புறம் நகராம இருக்க திரும்ப அழுத்திக்கோங்க. இதுக்கு முன்னால இருக்கிற வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளி வேணும், இடைவெளி இல்லன்னா எந்த வித்தையும் பலிக்காது. அவசரம்னு வந்தா இதெல்லாம் மறந்துட்டு முழுசா அழுத்துங்க, அதுல யோசனையே வேண்டாம். ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி டிரைவர்களுக்குன்னே தனியா பயிற்சி நடத்துறாங்க, அங்க இந்த மாதிரி அலுங்காம நிறுத்துறதுக்கு ஷாம்பெயின் ஸ்டாப்னு பேரு, கிளாஸ்ல இருக்கிறது தளும்பக் கூடாதுன்னு அர்த்தம். நெறைகுடத்த இடுப்புல வச்சுட்டு நடக்குறவங்களப் பாத்திருப்பீங்க, கால் எவ்ளோ வேகமா போனாலும் குடம் அசையாது, அந்தப் பழக்கம்தான் வேணும்.

கிளம்புறதும் அப்டித்தான். மேபேக்ல 'மேபேக்'னே ஒரு டிரைவ் மோட் இருக்கும், அதப் போட்டா வண்டி ரெண்டாவது கியர்லயே கிளம்பும், ஆக்சிலரேட்டர் மெதுவா வேல செய்யும், கியர் மாறுறதும் கொறையும். பின்னாடி ஐயா உக்காந்ததும் அத மறக்காம போட்டுடுங்க. வளைவுல உள்ள போறதுக்கு முன்னாடியே வேகத்தக் கொறச்சுடுங்க, வளைவுக்குள்ள பிரேக் தொடாதீங்க, வளைவு முடிஞ்சதும் ஸ்டீயரிங்க கையவிட்டு ஓட விடாம மெல்ல நேராக்குங்க. லேன் மாறுறதும் நீளமா, சோம்பலா இருக்கட்டும். பின்னாடி உக்காந்து போன்ல படிக்கிறவங்களுக்குத்தான் தலசுத்தல் முதல்ல வரும், அதனால அவர் போன எடுத்தத மிரர்ல பாத்தீங்கன்னா இன்னும் மெதுவாக்கிக்கோங்க. மிரர்ல பாக்குறது அதுக்கு மட்டும்தான், அவர் முகத்தப் பாத்துட்டே ஓட்டக் கூடாது, அது அவருக்கும் சங்கடம்.

வீட்டுல இருந்து கிளம்புறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே ஏசி போட்டு வைங்க. நெரிசல் இருக்கிற வழிய விட்டு ரெண்டு கிலோமீட்டர் கூடன்னாலும் ஒரே சீராப் போற வழிய எடுங்க. அவர் கேட்டா காரணத்தச் சொல்லுங்க, ஒத்துக்குவார்.

கேள்வி: பின் சீட்டுல முதலாளி எந்தப் பக்கம் உக்காரணும்? (விருதுநகர் வாசகர்)

நம்ம ஊர்ல இடது பக்கம்தான். டிரைவர் வலது பக்கம் இருக்கிறதால அவர் சீட்ட நகத்த முடியாது, இடது முன் சீட்டுல ஆள் இல்லன்னா அத முழுசா முன்னாடி தள்ளி கால நீட்டிக்கலாம், மேபேக் மாதிரி வண்டில இதுக்குன்னே ஸ்விட்ச் இருக்கு. எறங்குறதும் ரோட்டோரமா, டிராஃபிக் பக்கம் இல்லாம.

கேள்வி: டொயோட்டா செஞ்சுரின்னு ஒரு கார் ஜப்பான்ல பிரதமர் எல்லாம் போறாங்களாமே, டொயோட்டாவுக்கு எதுக்கு இந்த வேல? (மதுரை வாசகர்)

எனக்கு இந்தக் கார் மேல ரொம்பப் பிரியம். 1967ல ஆரம்பிச்சாங்க, டொயோட்டா குழுமத்துக்கு வித்திட்ட சகிச்சி டொயோடா பொறந்து நூறு வருஷம் ஆனத முன்னிட்டு வச்ச பேரு. இத்தன வருஷத்துல செடான் வெறும் மூணு தலைமுறதான், 1967, 1997, 2018. ரெண்டாவதுல 5 லிட்டர் வி12 இருந்துச்சு, 2018ல வந்ததுல 5 லிட்டர் வி8 ஹைப்ரிட், வந்தப்ப விலை சுமார் 1.96 கோடி யென்.

இதுல சீட்டு தோல் இல்ல, சுத்தமான கம்பளித் துணி, தோல் வேணும்னா தனியா கேட்டு வாங்கிக்கலாம். தோல் உரசினா கிறீச்னு சத்தம் வரும், வெயில்ல சுடும், குளிர்ல சில்லுன்னு இருக்கும், துணில அந்தத் தொல்லையே இல்ல. ஐரோப்பாவுலயும் அந்தக் காலத்துல பெரிய வண்டிங்கள்ல வெயில் மழ தாங்கணும்னு டிரைவர் சீட்டுக்குத்தான் தோல் போட்டாங்க, பின்னாடி உக்காரும் பெரிய மனுஷங்களுக்கு நல்ல துணி. இப்ப எல்லாரும் தோல்தான் ஒசத்தின்னு நெனைக்கிறாங்க, நம்ம வெயிலுக்கு நானும் துணிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஜன்னலுக்கு லேஸ் திரை உண்டு. முன்னாடி இருக்கிற பீனிக்ஸ் பறவ சின்னத்தோட அச்ச ஒரு கைவினைஞர் ஒன்றரை மாசம் போல உக்காந்து செதுக்குறாரு. பெயின்ட் ஏழு அடுக்கு, நடுநடுவுல தண்ணி ஊத்தி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறாங்க. இவ்ளோ பண்ணிட்டு வெளிய பாத்தா அமைதியா, எதையும் காட்டிக்காம நிக்கும். அரச குடும்பத்துக்குன்னு 2006ல செஞ்ச செஞ்சுரி ராயல்ல உள்கூரைக்கு ஜப்பானியக் காகிதம், ஏறுற படிக்கு கிரானைட் கல்.

கேள்வி: எலக்ட்ரிக் வந்துட்டா இந்தப் பெருமையெல்லாம் போயிடும்ல? எந்த எலக்ட்ரிக் காரும் சத்தமில்லாமத்தானே போகுது. (திருநெல்வேலி வாசகர்)

இஞ்சின் சத்தம் போனா டயரும் காத்தும்தான் பெரிசாக் கேக்கும், அத அடக்குற வேல கூடத்தான் செய்யும். ரோல்ஸ் ராய்ஸோட எலக்ட்ரிக் கார் ஸ்பெக்டர்ல பேட்டரியே 700 கிலோ பக்கம், அது கீழ கெடந்து ரோட்டுச் சத்தத்தத் தடுக்குது. ஆனா அது ரெண்டு கதவு வண்டி, பின் சீட்டு முதலாளிக்கு ஆகாது. கம்பெனிய ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரான சார்லஸ் ரோல்ஸே 1900ல எலக்ட்ரிக் கார் சத்தமில்லாதது, சுத்தமானதுன்னு பாராட்டியிருக்காரு, சார்ஜ் போட எடம் இல்லங்கிறதுதான் அப்ப அவரோட கவல. அதனால இந்த வண்டிங்களுக்கு எலக்ட்ரிக் எதிரி இல்ல.

கேள்வி: தங்கச்சி கல்யாணத்துக்கு ரோல்ஸ் ராய்ஸ் ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம்னு இருக்கோம். என்ன பாக்கணும்? (காரைக்குடி வாசகர்)

தங்கச்சிக்கு வாழ்த்துகள். முதல்ல எந்த மாடல், எந்த வருஷம்னு கேளுங்க, 2003லயே வந்த பழைய ஃபேன்டமும் வாடகைக்கு ஓடுது, அது தப்பில்ல, ஆனா டயரும் ஏசியும் எப்டி இருக்குன்னு நேர்ல போய்ப் பாருங்க. வழக்கமா அந்த வண்டிய ஓட்டுற டிரைவரே வர்றாரான்னு உறுதி பண்ணிக்கோங்க. பின் கதவு பின்பக்கம் கீல் வச்சு தொறக்கும், அதனால பட்டுப்புடவ கட்டிட்டு எறங்க ரொம்ப வசதி, கால முன்னால வச்சு அப்டியே எழுந்து நிக்கலாம், புடவ கதவுல மாட்டாது. புது ஃபேன்டம்னா கதவ இழுத்துச் சாத்த வேண்டாம், வெளிய கைப்பிடிய டிரைவர் தொட்டாலே தானா மூடிக்கும். அகலம் 2 மீட்டருக்கு மேல, கதவு தொறக்க ரெண்டு பக்கமும் எடம் வேணும், அதனால மண்டபத்து வாசல்லயும் உங்க வீட்டுத் தெருவுலயும் பந்தக்கால் நடுறதுக்கு முன்னாடியே டேப் வச்சு அளந்துக்கோங்க.