எஃப்டிபிக்கும் எஸ்எஃப்டிபிக்கும் என்ன வித்தியாசம்? பாஸ்வேர்ட் இருந்தால் போதாதா?

போதாது. இரண்டுமே கணினிகளுக்கிடையே கோப்பு அனுப்பும் முறைகள்தான், ஆனால் எஃப்டிபியில் அந்தப் பாஸ்வேர்டே மறைக்கப்படாமல்தான் போகிறது.

பெங்களூரு அல்சூரில் ஒரு சின்ன அலுவலகத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். நான் சேர்ந்தபோது சம்பளக் கணக்கு மாதாமாதம் எஃப்டிபியில் ஆடிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. மாற்றலாம் என்றால், "அதான் பாஸ்வேர்ட் இருக்கே தம்பி" என்பார் முதலாளி. ஒருநாள் அவர் கண்ணெதிரே, நெட்வொர்க்கில் போவதை அப்படியே படித்துக்காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை ஓடவிட்டுக் கோப்பை அனுப்பினேன். பாஸ்வேர்டாக அவர் வைத்திருந்த மகள் பெயரும் பிறந்த வருடமும் திரையில் அப்படியே வந்து நின்றன. சாயங்காலமே அனுமதி கிடைத்தது.

பெயரில் எஃப்டிபி இருந்தாலும் எஸ்எஃப்டிபி வேறு வம்சம். தொலைவிலுள்ள சர்வரோடு எல்லாவற்றையும் மறைகுறியாக்கிப் பேசும் எஸ்எஸ்ஹெச்சின் மேல் ஓடுவது, வழக்கமாக 22ஆம் போர்ட் (சர்வரின் எண்ணிட்ட வாசல்) ஒன்றே போதும். (பழைய எஃப்டிபிக்கே டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கத்தைப் போர்த்தியதுதான் எஃப்டிபிஎஸ். அது தரவுக்குத் தனி போர்ட்டுகள் கேட்கும், தேவையற்ற வாசல்களை மூடிவைக்கும் ஃபயர்வாலோடு மல்லுக்கட்ட வேண்டும்.) எஸ்எஸ்ஹெச் பிறந்ததே பாஸ்வேர்ட் திருட்டால்தான். 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டு அள்ள, அங்கிருந்த தாத்து இலோனன் அதை எழுதினார்.

ஆனால் எஸ்எஃப்டிபிக்கு மாறியவர்களும் ஓர் இடத்தில் கோட்டை விடுகிறார்கள். முதல்முறை இணையும்போது சர்வரின் கைரேகை என்று ஒரு நீள எழுத்துச் சரத்தைக் காட்டி, சரிதானா என்று கேட்கும். எங்கள் அலுவலகத் திருநெல்வேலித் தம்பியிடம், சரிபார்த்தாயா என்று கேட்டேன். "யெஸ் போட்டாத்தான்ணே உள்ள விடுது" என்றான். வழியில் யாரும் படிக்க முடியாது, சரி. எதிர்முனையில் இருப்பவனே ஆள் மாறாட்டம் செய்பவன் என்றால்? பத்திரமாகப் பூட்டி அவன் கையிலேயே கொடுத்த கதைதான். ஆடிட்டர் ஆபீசுக்கு போன் போட்டு அந்தச் சரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. பிறகு என்றாவது கைரேகை மாறிவிட்டதாக எச்சரித்தால், அவர்கள் சர்வரைப் புதிதாக நிறுவியிருக்கலாம். ஆனாலும் அவர்களைக் கேட்காமல், உங்கள் கணினியில் சேமித்த பழைய கைரேகையை அழிக்காதீர்கள்.

உள்ளே நுழைய பாஸ்வேர்டைவிடச் சாவி ஜோடி நல்லது: ஒன்று ரகசியமாக உங்களிடமே இருக்கும் கோப்பு, இன்னொன்று சர்வருக்குத் தரும் கோப்பு. இடி25519 வகை போதும், ரகசியச் சாவியைப் பூட்ட பாஸ்ஃப்ரேஸ் (நீளமான கடவுச்சொல்) வையுங்கள். ஆடிட்டருக்குத் தர வேண்டியது 'பப்' என்று முடியும் கோப்பு மட்டுமே. எங்கள் கணக்குப் பிரிவில் ஒருவர் ரகசியக் கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட, புதுச் சாவி செய்து எல்லாம் முதலிலிருந்து.

உங்கள் சொந்த சர்வரிலும் சாவி வேலை செய்கிறது என்று உறுதியான பிறகே பாஸ்வேர்ட் நுழைவை நிறுத்துங்கள், அதுவும் இன்னொரு இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு. நான் அப்படிச் செய்யாமல், சர்வருக்குள் நுழைய முடியாமல் போய், ஒரு சனிக்கிழமை ராத்திரி கே.ஆர்.புரத்திலிருந்து அல்சூருக்கு ஆட்டோ பிடித்தேன்.