எதிர்மூலையில் இருப்பவன்

அன்புள்ள ஐயாவுக்கு,

சென்ற வாரம் நண்பர்களோடு 'கிரையிங் ஃபிஸ்ட்' என்ற கொரியக் குத்துச்சண்டைப் படம் பார்த்தேன். 2005ல் வந்தது. நடிகர் சோய் மின்-சிக் இருக்கிறாரே என்றுதான் உட்கார்ந்தோம். முக்கால்வாசிப் படம் இழுவையாக இருந்ததால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டோம். கடைசிச் சண்டையில் யார் பக்கம் நிற்பது என்றே தெரியவில்லை. ஒரு நண்பர் திரைக்கதை தப்பு என்றார், இன்னொருவர் அழுதுவிட்டார். என் கேள்வி: அந்த வயதானவர்தானே ஜெயித்திருக்க வேண்டும்? கொரியப் படங்களில் அழுகை கொஞ்சம் அதிகமோ? வேறு நல்ல குத்துச்சண்டைப் படங்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

அழுகை அதிகம்தான், இருந்துவிட்டுப் போகட்டும். பட்டியல் கேட்பவர்களுக்கு நான் பதில் போடுவதில்லை. ஆனால் 'யார் பக்கம் நிற்பது என்றே தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்ச நாளாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான். அதனால் எழுதுகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். ஒரு காலத்தில் ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கிய, இப்போது வயதாகிவிட்ட ஒருவன் கடனில் மூழ்கி, நடுத்தெருவில் நின்று, காசு கொடுத்து என்னை அடியுங்கள் என்று கூவுகிறான். அவன் அடி வாங்கும் நேரத்தைத்தான் நீங்கள் மிச்சம் பிடித்திருக்கிறீர்கள். இன்னொரு பக்கம் அடிதடி, திருட்டு என்று சிறைக்குப் போன பையன். அவன் உள்ளே இருக்கும்போது அப்பா செத்துப்போகிறார். அங்கேதான் குத்துச்சண்டை பழகுகிறான். இருவரும் கடைசிப் போட்டி வரை சந்திப்பதே இல்லை. உங்கள் நண்பர் தப்பு என்று சொன்னது இதைத்தான் என்றால், அவருக்கு என் அனுதாபங்கள்.

மற்ற குத்துச்சண்டைப் படங்களில் எதிராளிக்கு வீடு உண்டா? அம்மா உண்டா, கடன் உண்டா? முறைப்பான், கழுத்தைச் சொடுக்குவான், கடைசி ரவுண்டில் விழுவான், அவ்வளவுதான். நாம் நிம்மதியாகக் கைதட்டலாம். இந்தப் படத்தின் இயக்குநர் ரியூ சுங்-வான் அந்த நிம்மதியைத் தரவில்லை. ஒரு மூலைக்காரனுக்காகப் பாட்டி வந்திருக்கிறாள், மற்றவனுக்காக மகன் வந்திருக்கிறான். இந்தப் படத்தை ஒரு சின்னத் திரையிடலில் பார்த்தபோது, பக்கத்திலிருந்த பெரியவர் பாதியில் என் காதருகே குனிந்து, "தம்பி, இதுல வில்லன் எப்ப வருவான்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கடைசிச் சண்டையில் இரண்டு பேருக்கும் அவரே 'ஐயோ, ஐயோ' என்றுகொண்டிருந்தார். அவரைவிட நல்ல ரசிகரை நான் பார்த்ததில்லை.

நிஜத்தில் எதிராளியாகவே வாழ்ந்த ஒருவர் உண்டு. கொரியக் குத்துச்சண்டை வீரர் பார்க் சி-ஹுன். 1988 சோல் ஒலிம்பிக்கில் 71 கிலோ பிரிவின் இறுதிப்போட்டியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸோடு மோதினார். ஜோன்ஸுக்கு அப்போது 19 வயது. அவர் கொடுத்த குத்துகள் 86, வாங்கியவை 32. ஆனால் நடுவர்கள் 3-2 என்று பார்க்கின் கையைத் தூக்கிவிட்டார்கள். உலகம் காறித்துப்பியது. அந்த ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரர் என்ற கோப்பையைத் தோற்ற ஜோன்ஸுக்கே கொடுத்தார்கள். அடுத்த ஒலிம்பிக்கில் மதிப்பெண் போடும் முறையே மாறியது.

எல்லாரும் ஜோன்ஸுக்காக வருந்தினார்கள். சரி, நியாயம்தான். தீர்ப்பை எழுதியது பார்க்கா? அவர் கேட்டா கையைத் தூக்கினார்கள்? சொந்த ஊரில் வாங்கிய தங்கத்தை வெளியே காட்டக் கூசும்படி ஆனது அவருடைய வாழ்க்கை. நம்மில் எத்தனை பேர் அந்த மூலையை எட்டிப் பார்த்தோம்? நானும் நீங்களும் திருடிய நடுவர்களின் பெயர்களைக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை, கண் முன்னால் நின்ற ஆளைத்தான் திட்டினோம்.

2023 மே மாதம் பார்க் ஃப்ளோரிடாவிலுள்ள பென்சகோலாவுக்குப் போய், ஜோன்ஸின் ஊரிலேயே அந்தப் பதக்கத்தை அவர் கையில் கொடுத்தார். காணொளி 2025 செப்டம்பரில்தான் வெளியானது. 'இது உங்களுடையது' என்கிறார். ஜோன்ஸ் உடைந்து அழுகிறார். உங்கள் கடிதம் வந்தபோது நான் அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வயதானவர் ஜெயித்திருக்க வேண்டுமா என்று கேட்டீர்கள் இல்லையா? அவர் ஜெயித்திருந்தால், பையனின் பாட்டிக்காக இதே கடிதத்தை எழுதியிருப்பீர்கள்.

பட்டியலுக்குப் பதிலாக ஒரே ஒரு படம் சொல்கிறேன். பார்க்கின் கதையை வைத்து எடுத்த 'கவுண்ட்'. ஜின் சன்-கியூ நடித்தது. ஒலிம்பிக் தங்கத்தோடு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருப்பவர், அநியாயத் தீர்ப்பால் குத்துச்சண்டையை விட்ட ஒரு பையனுக்குப் பயிற்சி கொடுக்கிறார். படம் 2023 பிப்ரவரியில் வந்துவிட்டது, எனவே பென்சகோலா அதில் இல்லை. நகைச்சுவை சில இடங்களில் வழிகிறது, இரண்டாம் பாதி நாம் நினைத்தபடியேதான் போகும். ஜின்னுக்காகப் பாருங்கள். அந்தத் திரைக்கதை நண்பரையும் கூட்டிக்கொள்ளுங்கள், திட்டுவதற்கு அவருக்கு இதில் நிறைய கிடைக்கும்.