ஸ்க்ளீரல் லென்ஸ் போடுபவர்கள் கடுங்குளிரில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? லென்ஸ் கண்ணிலேயே உறைந்துவிடுமா?

உறையாது. கண்ணில் உடம்புச் சூடு இருக்கிறது, கண்ணீரும் உப்பு நீர். கனடாவின் எட்மன்டனில் மைனஸ் 30-இல் பேருந்துக்காக நின்றிருக்கிறேன், லென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. உறைவது காரில் விட்டுவைக்கும் சலைன்தான், அதாவது லென்ஸுக்குள் ஊற்றும் உப்பு நீர். அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

நீங்களும் என்னைப் போல கெரட்டோகோனஸுக்காக (கருவிழி மெலிந்து கூம்பிப்போகும் நோய்) போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கடுமையான கண் வறட்சிக்காகப் போடுபவர்களுக்கும் இது பொருந்தும். இந்த லென்ஸ் கருவிழியைத் தொடாமல் வெள்ளை விழிமேல் உட்காருவது. உள்ளே சலைன் நிரப்பாமல் போடவே முடியாது. இங்கே வந்த முதல் ஜனவரியில், சலைன் குப்பிகளை எல்லாம் காரிலேயே வைத்திருந்தேன். ஒருநாள் மதியம் வேலையிடத்தில் வலது கண் பால் ஊற்றியது போல மங்கியது. உள்ளே இருக்கும் நீரில் கசடு சேர்ந்தால் அப்படி ஆகும். கழற்றிப் புது சலைன் ஊற்றினால் சரி. கழற்றிவிட்டுக் காருக்குப் போனால் ஒவ்வொரு குப்பியும் கல்லாக இருந்தது.

கூட வேலை பார்த்தவர், "குழாய்த் தண்ணீர் போதாதா? இங்கே அப்படியே குடிக்கிறோமே" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் குடிக்கிற தண்ணீரிலும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். அது கருவிழியில் புகுந்தால் பார்வையே போகலாம். மறுத்துவிட்டேன். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு பனியில் காரோட்டத் துணிவு வரவில்லை, அண்ணன் வந்து கூட்டிப்போனார். அன்றிலிருந்து இரண்டு குப்பி சட்டையின் உள்பையில், உடம்போடு ஒட்டி இருக்கும். உறைந்து இளகியதை நான் பயன்படுத்துவதில்லை. "வீண்செலவு" என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

குளிரைவிட ஹீட்டர்தான் எதிரி. காரில் சூடான காற்றைக் காலுக்குத் திருப்பிவிடுங்கள், முகத்துக்கு வேண்டாம். படுக்கையறையில் ஈரப்பதக் கருவி வைத்த பிறகு காலையில் எனக்குக் கண் உறுத்துவது குறைந்தது.

நான் மருத்துவர் இல்லை. கண் சிவந்து வலித்தாலோ வெளிச்சம் கூசினாலோ லென்ஸைக் கழற்றிவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம், எந்தக் கல்யாணத்திலும் யாராவது ஒருவர், "இவ்வளவு அவஸ்தை எதுக்குப்பா, லேசர் பண்ணிக்க வேண்டியதுதானே" என்கிறார்கள். ஏற்கெனவே மெலிந்து கூம்பிப்போன கருவிழியை லேசிக் என்ற அந்த லேசர் சிகிச்சையில் இன்னும் செதுக்கினால் நிலைமை மோசமாகும். அதனால்தான் எங்களுக்கு அதைச் செய்வதில்லை. பத்து வருடமாக இதையே விளக்கிக்கொண்டிருக்கிறேன். வலிக்கிறது.

சரி, கடைசியாகக் கை. குளிரில் விரல் வெடிக்கும், நாமும் தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவுவோம். அந்த விரலால் லென்ஸைத் தொட்டால் படலம் ஒட்டி நாள் முழுக்க மங்கலாகவே தெரியும். எண்ணெய்ப் பசை இல்லாத சோப்பால் கழுவி, நூல் உதிராத துணியில் துடைத்து, லென்ஸைப் போட்டு முடித்த பிறகு தடவிக்கொள்ளுங்கள். இரவில் கழற்றும் முன்பும் அதேபோல ஒருமுறை கழுவிவிடுங்கள்.