கண்ணாடியில் ஒரு புள்ளி

அன்புள்ள ஐயா,

என் மகனுக்குப் பதினாறு வயது. விவரம் தெரிந்த நாளிலிருந்து போர் விமானி ஆவதைத் தவிர வேறு எதுவும் அவன் பேசியதில்லை. ஜெர்மானிய விமானிகளில் ரிச்தோஃபென் முதல் உலகப் போரில் 80 விமானங்களை வீழ்த்தியதும் ஹார்ட்மன் இரண்டாம் உலகப் போரில் 352 வீழ்த்தியதும் அவனுக்கு மனப்பாடம். போன மாதம் கண் பரிசோதனையில் கிட்டப்பார்வை என்று சொல்லிக் கண்ணாடி கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. கண்ணாடியைக் கண்ட இடத்தில் வீசுகிறான். அவனுக்கு என்ன சொல்வது?

கூடவே என் சந்தேகங்கள் சில. உண்மையில் மிகப் பெரிய விமானி யார்? ரிச்தோஃபெனைச் சுட்டது யார்? அந்தக் காலத்தில் முகத்துக்கு நேராக நின்று மோதினார்கள். அந்த வீரமும் அறமும் ஏவுகணை வந்ததும் செத்துவிட்டன, ஆளில்லா விமானம் வந்ததும் புதைத்தாகிவிட்டது என்பது என் எண்ணம். சரிதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடிதம் வந்த அன்றே பதில் எழுதும் வழக்கம் எனக்கில்லை. ஆனால் உங்கள் கடிதம் வந்த அன்று காலைதான் மருத்துவர் என் வலக்கண்ணைப் பார்த்துவிட்டு, புரை முற்றிவிட்டது, அடுத்த வாரம் எடுத்துவிடலாம் என்றார். கொஞ்ச நாளாகவே விளக்கைப் பார்த்தால் அதைச் சுற்றி வளையம் தெரிகிறது. பார்வையையே நினைத்துக்கொண்டிருந்தவனுக்குப் பார்வையைப் பற்றி ஒரு கடிதம். நீங்கள் என்னவோ வீரத்தைப் பற்றி எழுதியிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

சில்லறைக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். மிகப் பெரிய விமானி யார் என்று எனக்குத் தெரியாது, அந்தக் கேள்வியும் பிடிக்கவில்லை. ஹார்ட்மன் 1,400 தடவைக்கு மேல் போருக்குப் பறந்தவர். ஜெர்மானிய விமானிகளைச் சாகும்வரை அல்லது போர் முடியும்வரை பறக்கவிட்டார்கள். அமெரிக்க விமானி குறிப்பிட்ட காலம் பறந்ததும் ஊருக்குப் போய்ப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். இருவரின் எண்ணிக்கையையும் ஒரே தராசில் வைத்து என்ன ஆகப்போகிறது? அப்புறம் அது எண்ணிக்கையும் அல்ல, ஒவ்வொன்றுக்குள்ளும் ஆள் இருந்தான். ரிச்தோஃபென் செத்தது 1918 ஏப்ரல் 21, ஒரே ஒரு தோட்டா, பெரும்பாலும் தரையிலிருந்து வந்தது. ஆளில்லா விமானம் பற்றி இன்னொரு நாள்.

ஆனால் "முகத்துக்கு நேராக நின்று மோதினார்கள்" என்றீர்களே, அதை என்னால் விட முடியாது.

எங்கே படித்தீர்கள் இதை? அது பத்திரிகைகள் செய்த பொம்மை. முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் பெயர் தெரியாமல் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள். செய்தித்தாளுக்குப் பெயரும் புகைப்படமும் உள்ள ஒரு வீரன் தேவைப்பட்டான். மேலே பறப்பவன் கிடைத்தான். அந்த வீரர்களுக்கெல்லாம் ஆசான் ஓஸ்வால்ட் போல்கெ என்ற ஜெர்மானிய விமானி. வான் சண்டைக்கு முதன்முதலாக விதிகள் எழுதிவைத்தவர், 1916-இல். அவர் விதிகளில் அறம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். முடிந்தால் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், பின்னாலிருந்து தாக்கு, கிட்டே போனபிறகு சுடு. இவ்வளவுதான் சாரம். ஹார்ட்மன் இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: பார், முடிவு செய், தாக்கு, விலகு. அவரிடம் வீழ்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு அவர் வந்ததே தெரியாது. தெருமுனையில் பின்னாலிருந்து தடியால் அடிப்பதற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்? நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். உயிரோடு திரும்ப வேறு வழி இல்லை. நீங்கள்தான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர்களைத் தேர் ஏற்றி நேருக்கு நேர் நிறுத்துகிறீர்கள்.

விஷயம் முழுக்கக் கண்ணில் இருக்கிறது எஸ். படங்களில் அழகாகப் பறக்கிறதே, அந்த விமானிகளின் பட்டுக் கழுத்துத்துணி, அது அலங்காரம் இல்லை. நொடிக்கு நொடி பின்னால் திரும்பிப் பார்ப்பவனின் கழுத்து காலரில் உராய்ந்து தோல் உரிந்துவிடும். அதற்குத்தான் பட்டு. எஞ்சின் துப்பும் விளக்கெண்ணெயைக் கண்காப்புக் கண்ணாடியிலிருந்து துடைக்கவும் அதே துணிதான். 1940 கோடையில் பிரிட்டிஷ் விமானங்கள் மும்மூன்றாக ஒட்டிக்கொண்டு பறந்தன. பார்க்க அணிவகுப்பு மாதிரி இருக்கும். ஆனால் பக்கத்தில் வரும் இருவரின் கண்ணும் தலைவனின் இறக்கையில் இடித்துவிடக் கூடாதே என்பதிலேயே இருக்கும், வானத்தைப் பார்க்க ஆளில்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரிலேயே தளர்வாக இரண்டிரண்டாகப் பறக்கக் கற்றுக்கொண்டிருந்த ஜெர்மானியர்கள் இதற்கு வைத்த பெயர் முட்டாள் வரிசை.

கண் இருந்தாலும் போதாது. ஜப்பானின் சபுரோ சகாய் பகலில் நட்சத்திரம் பார்க்கப் பழகியவர் என்பார்கள். 1942 ஆகஸ்ட் 7 அன்று பசிபிக் கடலின் குவாடல்கனல் தீவுக்கு மேலே ஒரு கூட்டத்தைப் போர் விமானங்கள் என்று நினைத்துப் பின்னாலிருந்து நெருங்கினார். அவை குண்டுவீச்சு விமானங்கள். ஒவ்வொன்றின் பின்னிருக்கையிலும் ஒருவன் துப்பாக்கியோடு இவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். தலையில் குண்டு பட்டு, வலக்கண் போய், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் பறந்து ரபாவுல் தளத்தில் இறங்கினார். போல்கெயின் சாவு இன்னும் கொடுமை. 1916 அக்டோபர் 28, அவரும் அவருடைய சக விமானியும் ஒரே எதிரியைத் துரத்துகிறார்கள். இறக்கைகள் மறைத்ததால் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. உரசிக்கொண்டார்கள். பார்ப்பதற்கு விதி எழுதியவர் நண்பனைப் பார்க்காததால் செத்தார்.

ஏவுகணை வந்தபிறகும் இதே கதைதான். வியட்நாமில் அமெரிக்க ஃபாண்டம் விமானங்கள் கண்ணுக்கெட்டாத தொலைவிலிருந்து அடிக்கலாம் என்ற நம்பிக்கையில் பீரங்கி இல்லாமலேயே போயின. போன இடத்தில், எதிரில் வருவது யாருடைய விமானம் என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே சுடலாம் என்று பெரும்பாலும் உத்தரவு. பார்க்கிற தூரத்துக்கு வந்தபின் தூர ஆயுதத்தை வைத்து என்ன செய்வது? ஏவுகணைகளும் பாதிக்கு மேல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பிறகு பீரங்கி திரும்பி வந்தது, நெருங்கிச் சண்டை போடக் கற்றுக்கொடுக்க 1969-இல் அமெரிக்கக் கடற்படை ஒரு பள்ளியே தொடங்கியது.

சரி, சித்தப்பாவிடம் வருகிறேன். உங்கள் கடிதம் கிளப்பியது அவரைத்தான்.

என் சித்தப்பா விமானப்படையில் இருந்தார். எனக்கு ஒன்பது வயது. என் சித்தப்பா ஜெட் ஓட்டுகிறார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். விடுப்பில் வந்தவரிடம் நாலு பையன்களைக் கூட்டிக்கொண்டு போய், "நீங்க எத்தனை பிளேனைச் சுட்டீங்க சித்தப்பா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "நான் கண்ணாடி தொடைக்கிறவன்டா" என்றார். பையன்கள் சிரித்தார்கள். அந்த விடுப்பு முடியும்வரை நான் அவரோடு பேசவில்லை. கிளம்பும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். நான் உள்ளேயே இருந்தேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் அந்தக் குரல் கேட்கிறது.

பதின்மூன்று வயதில் எனக்கும் கண்ணாடி வந்தது. உங்கள் மகன் மாதிரியே நானும் அழுதேன். அந்த வருஷ விடுப்பில் அவர் ஒன்றும் சொல்லாமல் என் மூக்கிலிருந்து அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நின்றார். விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி வைத்தார். தண்ணீரை ஓடவிட்டு வெறும் விரலால் மெதுவாகத் தடவினார். "முதல்ல விரல், அப்புறம்தான் துணி. மண்ணு ஒட்டியிருந்தா விரலுக்குத் தெரியும், துணிக்குத் தெரியாது." பிறகு மெல்லிய துணியால் மேலிருந்து கீழாக, ஒரே திசையில். "வட்டமாத் தொடைக்காதே. கீறல் வட்டமா விழும். வெயில் பட்டா வளையம் வளையமா மின்னும். அதுக்குள்ள ஒருத்தன் ஒளிஞ்சுக்குவான்."

யார் ஒளிவான் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். விமானி உட்காரும் இடத்தின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் தூரத்தில் வரும் விமானம் ஒரு புள்ளி. உன் மேல் மோதும் பாதையில் வருகிற விமானம் கண்ணாடியில் அசையவே அசையாது. அதே இடத்தில் நின்றபடி கடைசி நொடிகளில் ஒரேயடியாகப் பெரிதாகும். கண்ணாடியில் ஒட்டிய அழுக்கும் அசையாது. தலையை இப்படி அப்படி நகர்த்திப் பார்த்தால் வித்தியாசம் தெரியும், ஆனால் அதற்குள் ஒரு நொடி போய்விடும். ஒருமுறை அவர் கவனிக்காமல் விட்ட ஒரு பூச்சிக் கறையைப் பார்த்து ஒரு விமானி விமானத்தையே ஒடித்துத் திருப்பியிருக்கிறார். இறங்கியதும் ஏணியில் நின்றபடியே எல்லோர் முன்னாலும் திட்டினாராம். "திட்டினது நியாயந்தான். அவர் திரும்பி வந்து திட்டினாரே, அதுவரைக்கும் சரி" என்றார் சித்தப்பா.

இதையெல்லாம் நான் ஏன் இந்த வாரம் நினைக்கிறேன் தெரியுமா? என் கண்ணுக்குள் வைக்கப்போகிற லென்ஸ் அந்த விமானக் கண்ணாடியின் வாரிசு. 1940 ஆகஸ்டில் கார்டன் கிளீவர் என்ற பிரிட்டிஷ் விமானியின் ஹரிக்கேன் விமானத்தில் குண்டு பாய்ந்து மேல்மூடி உடைந்தது. மூடி செய்யப்பட்ட பெர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்கின் துணுக்குகள் இரண்டு கண்களிலும் ஏறின. ஒரு கண் போய்விட்டது. ஹெரால்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர் இப்படிப்பட்ட விமானிகளின் கண்களைப் பார்த்துவந்தார். சாதாரணக் கண்ணாடித் துணுக்கு கண்ணுக்குள் போனால் புண்ணாகும், பெர்ஸ்பெக்ஸ் துணுக்கோ வருஷக்கணக்கில் சும்மா கிடக்கிறது. பிறகு ஒருநாள் அவர் கண்ணுக்குள் புரை விழுந்த லென்ஸை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், எடுத்த லென்ஸுக்குப் பதிலாக வேறொன்று வைக்கமாட்டீர்களா என்று கேட்டுவைத்தார். 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ரிட்லி முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தினார், பெர்ஸ்பெக்ஸில் செய்தது. மூத்த மருத்துவர்கள் பலர் அவரை வெகுகாலம் ஏளனம் செய்தார்கள். சித்தப்பாவுக்கு இது தெரியாமலேயே போய்விட்டது. தெரிந்திருந்தால், அதையும் நேராகத்தான் துடைக்கணும் என்றிருப்பார்.

உங்கள் மகன். மறந்தே போனேன், மன்னியுங்கள். பார்வை விதிகள் படைக்குப் படை வேறுபடும், அவ்வப்போது மாறவும் செய்யும். என்னிடம் கேட்காமல் விமானிகளைப் பரிசோதிக்கும் மருத்துவர் ஒருவரிடம் அவனை நேரில் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். பதில் எதுவானாலும் அவன் காதில் நேராக விழட்டும், நீங்கள் மென்று விழுங்கிச் சொல்லவேண்டாம். பட்டியல் பிடித்தவன் என்கிறீர்கள். அப்படியானால் ஓட்டோ கிஸ்ஸன்பெர்த் என்ற பெயரை எழுதிக் கொடுங்கள். முதல் உலகப் போரில் 20 விமானங்களை வீழ்த்திய ஜெர்மானியர், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பறந்தவர். அந்த 20 பேரையும் அவன் நினைத்துப் பார்க்கட்டும், அது வேறு விஷயம்.

அவன் வீசிய கண்ணாடியை நீங்கள் எடுத்துச் சட்டை நுனியில் துடைத்து மேசையில் வைக்கிறீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். வேண்டாம். தண்ணீரை ஓடவிடுங்கள். முதலில் விரல்.