அமராவதிக்கு முன்னால் எழும்பூர்

கேள்வி: நாங்கள் சென்னைவாசிகள். நான், கல்லூரியில் வரலாறு படிக்கும் என் மகள், 68 வயதான என் அம்மா என மூன்று பேர். ஆந்திராவின் பழைய பௌத்தத் தலங்களைப் பார்க்க ஆசை. ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர், வழிகாட்டியுடன் மூன்று நாளில் ஆறு இடம் என்கிறார்: உண்டவல்லி, அமராவதி, ஜக்கய்யப்பேட்டை, நாகார்ஜுனகொண்டா, புத்தவனம், ஐதராபாத். வியாழன் இரவு கிளம்பி ஞாயிறு இரவு ஐதராபாத்திலிருந்து ரயில் ஏற வேண்டும். ஏற்கெனவே போய் வந்த உறவினர் ஒருவரோ, "அமராவதியில் ஒரு மண்மேடுதான் இருக்கு, கால் மணி நேரத்தில் பார்த்து முடிச்சிடலாம்" என்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி. இந்தப் பயணம் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் இந்தத் திட்டத்தோடு வேண்டாம்.

முதலில் உங்கள் உறவினர் சொன்னதற்கு வருகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. கிருஷ்ணா நதிக்கரையில், தானியகடகம் என்ற பழைய நகரத்தின் பக்கத்தில், ஏறத்தாழ 50 மீட்டர் விட்டத்தில் எழுந்து நின்ற மகாசைத்தியத்தில், அதாவது பெரிய பௌத்தத் தூபியில், இன்று மிச்சம் இருப்பது ஒரு வட்டமான அடித்தளமும், அங்கங்கே நட்டு வைத்த சில கற்பலகைகளும்தான். கல் எல்லாம் எங்கே போயிற்று என்பது ஒரு தனிக் கதை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உள்ளூர் ஜமீன்தார் வாசிரெட்டி வெங்கடாத்ரி நாயுடு புது ஊர் கட்டியபோது, மேட்டைத் தோண்டிச் செங்கல்லும் கல்லும் எடுத்தார்கள். செய்தி கேட்டு வந்து பார்த்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்சி, 1816-இல் ஆட்களோடு திரும்பி வந்து மிச்சத்தை வரைந்து வைத்தார். அதற்குள் நிறையப் போய்விட்டிருந்தது. 1845-இல் இன்னொரு கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் தோண்டி எடுத்த சிற்பங்கள் மதராசுக்கு வந்தன. வெயிலிலும் மழையிலும் பல வருடம் கிடந்த பிறகு 1859-இல் லண்டனுக்குக் கப்பலேறின. அவைதான் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. பின்னாளில் கிடைத்தவற்றில் பெரும்பங்கு நம் எழும்பூர் அருங்காட்சியகத்தில்.

அதாவது அமராவதியின் உடம்பு ஆந்திராவில் இருக்கிறது, முகம் உங்கள் வீட்டிலிருந்து பஸ் தூரத்தில் இருக்கிறது. முகத்தைப் பார்க்காமல் உடம்பை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு அது மண்மேடாகத்தான் தெரியும்.

ஆகவே உங்கள் பயணம் எழும்பூரில் தொடங்கட்டும். கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒரு காலைப்பொழுதை அமராவதிக் கூடத்துக்கு ஒதுக்குங்கள். அங்கே மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும். ஒன்று, தூபியின் உருவத்தையே செதுக்கிய பலகைகள். கட்டடம் போய்விட்டாலும் அதன் சாயலைச் சிற்பிகள் அதன் மேலேயே விட்டுச் சென்றிருக்கிறார்கள். சுற்றிலும் வேலி, நான்கு திசையிலும் வாசல், வாசலுக்கு நேரே துருத்திக்கொண்டிருக்கும் மேடையில் ஐந்தைந்து தூண்கள், மேலே அரைக்கோள அண்டம் எல்லாம் அதில் தெரியும். அந்த ஐந்து தூண்களுக்கு ஆயகத் தூண் என்று பெயர். புத்தரின் பிறப்பு, துறவு, ஞானம், முதல் உரை, பரிநிர்வாணம் என்ற ஐந்தையும் அவை குறிப்பதாகக் கொள்வார்கள். மகளை அந்தப் பலகையைப் பார்த்துக் கையால் ஒரு படம் வரைந்துகொள்ளச் சொல்லுங்கள். செல்போன் படம் இதற்கு உதவாது. வரைந்தால்தான் கண் ஒவ்வொரு பாகமாக நிற்கும்.

இரண்டாவது, நளகிரி யானையை அடக்கும் வட்டச் சிற்பம். மதம் பிடித்த யானை தெருவில் ஆளைத் தூக்கி வீசுகிறது, மாடத்திலிருந்து பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அதே வட்டத்துக்குள் இன்னொரு பக்கம், அதே யானை புத்தர் முன்னால் மண்டியிட்டுக் கிடக்கிறது. ஒரே சட்டத்தில் இரண்டு நேரம். நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை, இன்னும் அலுக்கவில்லை. மூன்றாவது, புத்தரே இல்லாத புத்தர் சிற்பங்கள். பழைய பலகைகளில் அவர் இருக்க வேண்டிய இடத்தில் காலி ஆசனமோ, பாதச்சுவடோ, போதி மரமோதான் இருக்கும். உருவம் பின்னால்தான் வருகிறது. இந்த வித்தியாசம் பிடிபட்டால் எது முந்தியது, எது பிந்தியது என்று வழிகாட்டி இல்லாமலேயே ஓரளவு சொல்லிவிடலாம். இவற்றைப் பளிங்கு என்று பலர் சொல்வார்கள்; உண்மையில் அந்தப் பகுதியான பல்நாட்டின் சுண்ணாம்புக்கல்.

இப்போது உங்கள் திட்டத்தின் பெரிய ஓட்டை. வியாழன் இரவு கிளம்பினால் முதல் நாள் வெள்ளிக்கிழமை. அமராவதி அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. நாகார்ஜுனகொண்டாவுக்கும் வெள்ளி. எழும்பூருக்கும் அதே வெள்ளி! நானே ஒருமுறை 18 பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவு முன்னால் நின்றிருக்கிறேன். காலண்டரைப் பார்க்காதது என் தப்பு, அதற்காக அன்று வாங்கிக் கட்டிக்கொண்டதும் நியாயம்தான். வெள்ளி இரவு ரயிலேறிச் சனி, ஞாயிறு பார்த்துவிட்டுத் திங்கள் வீடு திரும்புவதுபோல் மாற்றுங்கள். மகளுக்கு ஒரு நாள் கல்லூரி போகும், பரவாயில்லை.

அடுத்தது, ஆறு இடத்தை இரண்டாகக் குறையுங்கள். உண்டவல்லி அழகான குடைவரைதான். ஆனால் இன்று அங்கே பிரதானம் பள்ளிகொண்ட பெருமாள். மாடி மாடியாக ஏற வேண்டியதால் அம்மாவின் முழங்காலுக்கும் ஆகாது. ஜக்கய்யப்பேட்டையின் பேர்போன சக்கரவர்த்தி மாந்தாதா பலகையை எழும்பூரிலேயே பார்த்துவிடுவீர்கள். புத்தவனம் 2022-இல் திறந்த புதிய பூங்கா, நேரம் மிஞ்சினால் பார்க்கலாம். ஐதராபாத் இன்னொரு பயணம்.

சனி காலை விஜயவாடாவில் இறங்கிக் கார் எடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அமராவதி. ஓட்டுநரிடம் 'பழைய அமராவதி, அமரேஸ்வரர் கோயில் ஊர்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் அமராவதி என்றே பெயருள்ள ஆந்திராவின் புதுத் தலைநகர்க் கட்டடங்கள் இருக்கும் பக்கம் வண்டி போய்விடும். 125 அடி தியான புத்தர் சிலை கண்ணில் பட்டால் சரியான ஊருக்கு வந்துவிட்டீர்கள். தூபி இருந்த இடத்துக்கு வெயில் ஏறுமுன் போய், மகள் வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இடப்புறத்திலிருந்து வலமாகச் சுற்றுங்கள். நான்கு திசையிலும் துருத்தும் மேடையின் அடித்தளத்தைத் தேடுங்கள். வேலி எங்கே ஓடியிருக்கும், நடைபாதை எவ்வளவு அகலம் என்று காலாலேயே அளக்கலாம். கால் மணி நேரம் ஒரு மணி நேரமாவது இப்படித்தான். பிறகு பக்கத்திலிருக்கும் அருங்காட்சியகம்.

இந்தத் தூபிக்குப் பணம் கொடுத்தவர்கள் ராஜாக்கள் மட்டுமல்ல. வணிகர், கைவினைஞர், பிக்குணிகள், குடும்பப் பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு பலகை, ஒரு தூண் என்று கொடுத்துப் பேரைப் பொறித்திருக்கிறார்கள். அதில் ஒருவர் 'தமிள கண்ஹ'. தன் தம்பி சுள கண்ஹனோடும் தங்கை நாகாவோடும் சேர்ந்து ஒரு கல் கொடுத்திருக்கிறார். தமிழன் கண்ணன், சின்னக் கண்ணன், நாகா. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், வெயில் மறந்துவிடும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாச்சர்லா வழியாக, நாகார்ஜுனகொண்டாவுக்குப் படகு கிளம்பும் விஜயபுரி தெற்குக்குப் புறப்படுங்கள். நான்கு மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது. இரவு அங்கேயே தங்கினால்தான் ஞாயிறு முதல் படகைப் பிடிக்க முடியும்.

நாகார்ஜுனகொண்டா இன்று தீவு. முன்பு அது ஒரு பள்ளத்தாக்கின் நடுவிலிருந்த குன்று. 3-ஆம், 4-ஆம் நூற்றாண்டுகளில் இக்ஷ்வாகு மன்னர்களின் தலைநகரான விஜயபுரி அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருந்தது. நாகார்ஜுனசாகர் அணை கட்ட முடிவானதும், தண்ணீர் வருவதற்குள் தோண்டிவிட வேண்டும் என்று 1954 முதல் 1960 வரை நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் அகழாய்வு நடந்தது. முக்கியமான சில கட்டடங்களைக் கல் கல்லாகப் பெயர்த்துக் குன்றின் உச்சியிலும், கரையில் அனுப்பு என்ற இடத்திலும் திரும்ப எழுப்பினார்கள். மற்ற எல்லாம் தண்ணீருக்கடியில். அதனால் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் மூழ்கிய பள்ளத்தாக்கின் மாதிரி வடிவத்தை முதலில் பாருங்கள். நீங்கள் படகில் கடந்து வந்தது ஒரு நகரத்தின் மேல் என்பது அப்போது உறைக்கும்.

வெளியே, தூபியின் அடித்தளத்தை மேலிருந்து பார்த்தால் வண்டிச்சக்கரம்போல் இருக்கும். நடுவில் குடம், சுற்றிலும் ஆரக்கால் சுவர்கள். இடைவெளியில் மண்ணை நிரப்பி மேலே அண்டம் எழுப்பும் உத்தி அது. செங்கல்லும் மிச்சம், பாரமும் பரவும். பக்கத்திலேயே அசுவமேத யாகம் நடந்த இடத்தின் படித்துறையையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அரசர் சாந்தமூலர் வேத வேள்வி செய்கிறார், அவருடைய சகோதரி சாந்திசிறி மகாசைத்தியம் கட்டுகிறார். ஒரே வீட்டில் இரண்டும். இங்கே சிங்கள பிக்குகளுக்கென்று தனி விகாரையே (மடமே) இருந்தது. காஷ்மீரம், காந்தாரம், சீனம், தமிளம் என்று ஆசிரியர்கள் போய்ப் போதித்த நாடுகளை ஒரு கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது.

படகுக்காரர்கள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் திரும்பக் கூப்பிடுவார்கள். அது போதாது. டிக்கெட் வாங்கும்போதே அடுத்த படகில் திரும்பலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரும் சாப்பாடும் கையோடு எடுத்துப் போங்கள். அம்மாவுக்குச் சிரமம் தரக்கூடியது படகுத்துறையில் ஏறி இறங்குவதுதான், அங்கே மட்டும் கை கொடுத்தால் போதும். மாதத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரி. பல்நாட்டு மே மாத வெயிலில் பெரியவர்களைக் கூட்டிப் போகக் கூடாது.

வழிகாட்டி பற்றி: பணம் கட்டுமுன் போனில் அவரோடு இரண்டு நிமிடம் பேசுங்கள். "அமராவதியில் ஆயகத் தூண் எந்த இடத்தில் நின்றது, எங்களுக்கு நின்று காட்டுவீர்களா?" என்று கேளுங்கள். காட்டுகிறேன் என்று சொல்லி இடத்தையும் சொன்னால் அவரை வைத்துக்கொள்ளுங்கள். "அதெல்லாம் இல்ல சார், தியான புத்தர்தான் அங்க ஸ்பெஷல்" என்றால் கார் மட்டும் போதும். மகளிடம்தான் படம் இருக்கிறதே.

காற்று பலமாக அடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். அப்படி ஆனால் திரும்பிவிடாமல் சாலை வழியாகவே அனுப்புக்குப் போங்கள். பெயர்த்துக் கொண்டுவந்த விகாரையும், படிப்படியாக இறங்கும் பழைய அரங்கமும் அங்கே இருக்கின்றன. சாயங்கால வெயிலில் அம்மா அந்தப் படிகளில் உட்காரலாம். பக்கத்தில் கடை கிடையாது, பிளாஸ்க்கில் காபி கொண்டுபோங்கள்.