யுத்த தாங்கியின் உள்ளே: கண்காட்சி மாதிரியை எப்படி அமைப்பது?

கேள்வி: ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் வரலாறு கற்பிக்கிறேன். இரண்டாம் உலகப் போர் பற்றிய கண்காட்சிக்கு யுத்த தாங்கியொன்றின் மாதிரியைச் செய்ய மாணவர்கள் விரும்புகிறார்கள். வெளித்தோற்றத்தை விட, உள்ளே இருந்தவர்கள் எவ்வளவு நெருக்கடியில் வேலை செய்தார்கள் என்பதைக் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். எங்களுக்கு ஒரு வகுப்பறை மட்டுமே தரப்பட்டுள்ளது. எந்தத் தாங்கியைத் தெரிவுசெய்யலாம்? அளவுகள் என்ன? ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகளை உள்ளே அனுப்பலாம்?

பதில்: உங்கள் எண்ணம் மிகச் சரியானது. வெளியுருவத்தை மட்டும் செய்து வைத்தால், பிள்ளைகள் அதன்மேல் ஏறிப் படம் எடுப்பதோடு விடயம் முடிந்துவிடும். முழுத் தாங்கியையும் செய்ய முயல வேண்டாம். அமெரிக்கத் தயாரிப்பான ஷெர்மன் தாங்கியின் சுழலும் கோபுரத்தை மட்டும், உண்மையான அளவில் செய்யுங்கள். ஷெர்மனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1945 இல் பர்மாவின் மெய்க்டிலாவைக் கைப்பற்றிய போரில் இந்தியப் படையணிகள் இதையே பயன்படுத்தின. அந்தப் பர்மாப் போர்முனைக்குப் பொறுப்பாயிருந்த நேசநாடுகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944 முதல் நம் பேராதனைப் பூங்காவிலேயே இயங்கியது. மலையகப் பிள்ளைகளுக்கு இந்தத் தொடர்பைச் சொல்லித் தொடங்குவது நல்லது.

ஷெர்மனில் ஐந்து பேர் இருந்தார்கள். முன்புறத்தில் இடப்பக்கம் சாரதியும் வலப்பக்கம் உதவிச் சாரதியும் அமர்ந்தார்கள். மற்ற மூவரும் கோபுரத்தில் இருந்தார்கள். கோபுரம் பொருந்தியிருந்த வளையத்தின் விட்டம் ஏறத்தாழ 175 சென்டிமீட்டர். முதலில் வகுப்பறைத் தரையில் இந்த அளவில் சோக்கினால் ஒரு வட்டம் வரையச் சொல்லுங்கள். மூன்று பிள்ளைகள் அதில் வசதியாக நிற்பார்கள், "இவ்வளவு இடமா!" என்று வியக்கவும் கூடும். அதன்பிறகு பீரங்கியின் பின்பகுதியை வட்டத்தின் நடுவே கொண்டுவந்து வையுங்கள். பலகைப் பெட்டியொன்றும் பீ.வி.சி. குழாயும் இதற்குப் போதும். சுட்டவுடன் அந்தப் பின்பகுதி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தூரம் பின்னோக்கிப் பாயும் என்பதால், அந்தப் பாதையில் எவரும் கையையோ தோளையோ வைத்திருக்க முடியாது. அதையும் தரையில் சிவப்புக் கோட்டினால் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது வட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். இடப்பக்கத்துத் துண்டு எறிகணை ஏற்றுபவருக்கு உரியது. வலப்பக்கத்துத் துண்டில் முன்னால் குறிபார்த்துச் சுடுபவரும் அவருக்கு நேர் பின்னால் தாங்கியின் தலைவரும் இருந்தார்கள். தலைவரின் முழங்கால் முன்னாலிருப்பவரின் முதுகில் முட்டும்.

மாதிரி செய்பவர்களிடம் நான் அடிக்கடி காணும் குறை, உள்ளே வெறுமையாக விட்டுவிடுவதுதான். பின்பக்கத்தில் வானொலிப் பெட்டி, பீரங்கியை ஒட்டி ஒரு இயந்திரத் துப்பாக்கி, கைக்கெட்டும் இடங்களில் எறிகணைகள், ஆளுக்கொரு ஆசனம் ஆகியவற்றைச் சேர்த்தால்தான் நெருக்கடி புரியும். ரெஜிபோமும் காட்போட்டும் இவற்றுக்குப் போதுமானவை. ஆனால் எறிகணையை மட்டும் பாரமற்ற பொருளாகச் செய்ய வேண்டாம். ஷெர்மனின் 75 மில்லிமீட்டர் எறிகணை ஏறத்தாழ 9 கிலோகிராம் எடையும் இரண்டடிக்குச் சற்று மேற்பட்ட நீளமும் கொண்டது. ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்கள் ஆறினை நீளவாக்கில் சேர்த்துக் கட்டினால் அந்த எடை வந்துவிடும். வளர்ந்த மாணவர் ஒருவர் அதை முழங்கால் உயரத்திலிருந்து எடுத்து, முழங்கையை எங்கும் இடித்துக்கொள்ளாமல் திருப்பி, பீரங்கியின் பின்பகுதியருகே கொண்டுவரட்டும். ஒருமுறை செய்வது சிரமமாக இராது. கோபுரம் சுழன்றுகொண்டும் தாங்கி குலுங்கிக்கொண்டும் இருக்க, சுட்ட வெடிமருந்தின் புகை மூக்கில் ஏறும்போது இதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள் என்பதை நீங்கள் சொல்லி விளக்க வேண்டும்.

இடநெருக்கடியின் உண்மையான விலை வெளியேறும்போதுதான் தெரிந்தது. கண்காட்சியில் வேறெதையும் விட இதற்கே கூடுதல் நேரம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆரம்பகால ஷெர்மன்களின் கோபுரத்தில் ஒரேயொரு மேல்வாயில் இருந்தது, அதுவும் தலைவரின் தலைக்கு மேலே. தாங்கி தீப்பற்றினால் தலைவர் ஏறிச் செல்லும்வரை சுடுபவர் காத்திருக்க வேண்டும். எறிகணை ஏற்றுபவரோ பீரங்கியின் மறுபக்கத்திலிருந்து குனிந்து வளைந்து அந்த வாயிலுக்கு வந்து சேர வேண்டும். சுற்றிலும் எறிகணைகள் அடுக்கப்பட்டிருந்த ஓர் இரும்புக் கூட்டில் ஒவ்வொரு வினாடியும் உயிரின் விலை கொண்டது. இதை உணர்ந்தே பின்னர் எறிகணை ஏற்றுபவருக்கென இரண்டாவது வாயில் வைத்தார்கள். எறிகணைகளையும் தண்ணீர் சூழ்ந்த பெட்டிகளில், தரைமட்டத்தில் வைக்கத் தொடங்கினார்கள். மூன்று மாணவர்களை அவரவர் இடத்தில் அமர்த்தி, தலைவருக்குப் பின்னால் மட்டும் ஒரு வழியைத் தரையில் குறித்து, அதனூடாக வரிசையாக வெளியே வரச் சொல்லுங்கள். கடைசியாக வருபவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதைப் பார்வையாளர்களே எண்ணட்டும்.

மற்றைய தாங்கிகளும் இப்படித்தானா என்று மாணவர்கள் கேட்பார்கள். ஷெர்மன் ஒப்பீட்டளவில் இடவசதி கொண்டது என்பதே பதில். 175 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் வேறு நிறத்தில் 142 சென்டிமீட்டர் விட்டமுள்ள இன்னொரு வட்டத்தை வரையுங்கள். சோவியத் நாட்டின் டி-34 தாங்கியின் தொடக்க வகையில் கோபுர வளையம் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்தக் கோபுரத்தில் இருவர் இருந்தார்கள். தலைவரே குறிபார்த்துச் சுடவும் வேண்டும். எதிரியைத் தேடுவது, சாரதியை வழிநடத்துவது, சுடுவது ஆகிய மூன்றும் ஒருவரின் தலையில் விழுந்தன. கோபுரத்தோடு சேர்ந்து சுழலும் தளமும் அதில் இல்லை. எறிகணை ஏற்றுபவர், றப்பர் விரிப்பு போட்ட எறிகணைப் பெட்டிகளின் மீதே நின்று, அந்த விரிப்பைக் கிளப்பித்தான் அடுத்த எறிகணையை எடுக்க வேண்டியிருந்தது. இரைச்சலில் பேச்சு கேட்காததால், தலைவர் தன் சப்பாத்துக் காலால் சாரதியின் தோளை அழுத்தித் திரும்ப வேண்டிய பக்கத்தைக் காட்டினார் என்று பழைய வீரர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். முன்னால் சாரதிக்கு அருகிலிருந்த வானொலி இயக்குநருக்குத் தலைக்கு மேல் வாயிலே இருக்கவில்லை. 1944 இல் வந்த டி-34-85 வகையில் வளையத்தை 160 சென்டிமீட்டராக அகலமாக்கி மூன்றாமவரைச் சேர்த்தார்கள். ஜெர்மனியர் போரின் தொடக்கத்திலேயே மூவர் கோபுரத்தை வைத்திருந்தார்கள். 1940 இல் அவர்கள் எதிர்கொண்ட பிரெஞ்சுத் தாங்கிகள் பலவற்றின் கோபுரத்தில் ஒருவரே இருந்தார். ஆகவே இடம் என்பதை வசதி பற்றிய பேச்சாக மட்டும் மாணவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடாது. எத்தனை பேருக்கு இடம் இருந்தது என்பதே ஒருவர் எத்தனை வேலைகளைச் சுமந்தார் என்பதைத் தீர்மானித்தது.

முதல் உலகப் போரின் பிரித்தானியத் தாங்கிகளில் எட்டுப் பேர் மூடப்படாத இயந்திரத்தைச் சுற்றியே நின்று வேலை செய்தார்கள்; வெப்பம் 50 பாகையை எட்டியது, காபன் மொனொக்சைட்டு வாயுவால் மயங்கியும் விழுந்தார்கள். இதற்கு ஒரு சுவரொட்டி போதும். புகையையோ வெப்பத்தையோ செயற்கையாக உண்டாக்கிக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

தாங்கிக்குள் இருந்தவர்களால் வெளியே சரியாகப் பார்க்க முடியவில்லை என்பதையும் காட்டத் தவற வேண்டாம். காட்போட் பெட்டியில் சிறு கீற்று வெட்டி, அதனூடாகத் தேயிலை மலைச் சரிவைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பாறை, எந்த வாய்க்கால் என்று பிடிபடாது. 1944 ஏப்ரல் 13 ஆம் திகதி, வடகிழக்கு இந்தியாவின் இம்பாலுக்கு அருகே, ஜப்பானியர் பிடித்திருந்த நன்ஷிகம் என்னும் செங்குத்தான மலைமுகட்டில் பிரித்தானியப் படையின் லீ வகைத் தாங்கிகள் ஏறின. குறுகிய முகட்டில் சாரதிக்கு வழிகாட்டுவதற்காகத் தலைவர்கள் தலையை வெளியே நீட்ட வேண்டியிருந்தது. அதிகாரிகள் கொல்லப்பட்டார்கள், ஒரு சார்ஜன்ட் மேஜர் பொறுப்பேற்று மிகுதியை நடத்தினார். செங்குத்துச் சரிவில் நாளும் ஏறி இறங்கும் பிள்ளைகளுக்கு இது விரைவில் விளங்கும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, உள்ளே ஒரே நேரத்தில் மூவருக்கு மேல் வேண்டாம். வெளியே ஓர் ஆசிரியர் எப்போதும் நிற்கட்டும். கூரையை மூடாமல், உயரமானவர்கள் நிமிர முடியாத மட்டத்தில் மெல்லிய நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் தாழ்வான கூரை புரிந்துவிடும். பின்புறம் முழுவதும் திறந்தே இருக்கட்டும். தகரம் பயன்படுத்தினால் விளிம்புகளை மடித்து, துணி நாடாவினால் சுற்றிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களையும் அடைபட்ட இடத்துக்கு அஞ்சுபவர்களையும் முன்கூட்டியே கேட்டறிந்து, அவர்களுக்கு எண்ணிக்கை எடுக்கும் பொறுப்பையோ விளக்கம் சொல்லும் பொறுப்பையோ கொடுங்கள். ஒரு குழுவுக்கு ஐந்து நிமிடம் தாராளம்.