கச்சேரி வாய்ப்பு இல்லாதவர்கள்தான் வயலின் ஆசிரியர்களாகிறார்களா?

இப்படிக் கேட்பவர், பிள்ளைக்கு வயலின் ஆசிரியர் தேடும் பெற்றோராக இருப்பார் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். வயலின் மேதைகள் இருவரைச் சொல்கிறேன்: துவாரம் வேங்கடசாமி நாயுடு விஜயநகரம் இசைக் கல்லூரியில் 1919இல் ஆசிரியராகச் சேர்ந்து 1936இல் முதல்வரானவர், டி. என். கிருஷ்ணன் சென்னை இசைக் கல்லூரியிலும் பின்னர் டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தவர். இவர்களுக்கு மேடையா கிடைக்கவில்லை? மேதைகளின் பெயரைச் சொல்லி நான் என்னை உயர்த்திக்கொள்வதாக யாரும் நினைக்க வேண்டாம். பக்கவாத்தியம் வாசித்தும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தும் பிழைக்கிறவள் நான்.

சொல்லிக்கொடுப்பது என் வாசிப்பையே மாற்றியிருக்கிறது. தோடி ராகத்தின் காந்தாரம், அதாவது ஸரிகமவில் வரும் 'க', ஓரிடத்தில் அசையாமல் நிற்கிற ஸ்வரமன்று. ரிஷபத்தை ('ரி') ஒட்டிப் புறப்பட்டு மத்தியமத்தை ('ம') தொட்டு மீளும் அசைவில்தான் அது தோடியாகிறது. என் விரல் பல ஆண்டுகளாக அதைத் தானாகவே செய்துவந்தது. "விரலை எங்கே திருப்ப வேண்டும் அக்கா?" என்று ஒரு மாணவி கேட்டபோது, அந்த அசைவை மிக மெதுவாக, துண்டு துண்டாக வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. மேலேறும்போது விரலின் அழுத்தம் குறைவதும், திரும்பும் இடத்தில் வில்லை நான் சற்றே தளர்த்துவதும் அன்றுதான் எனக்கே புலப்பட்டன. சில நாட்களில் ஒரு கச்சேரியில், மூத்த பாடகர் ஒருவர் முன்கூட்டிச் சொல்லாமல் தோடியை எடுத்து வெகு நிதானமாக விஸ்தாரம் செய்தார். என் முறை வந்ததும், அவருடைய பிடிகளையே, அதாவது அவர் பாடிய ஸ்வரக் கோவைகளையே, திருப்பி வாசிக்காமல் காந்தாரத்தை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தேன். "பேஷ்" என்றார். அந்தப் பாராட்டில் பாதி அந்த மாணவியைச் சேரும்.

மேடையில் காணாதவர்களுக்கு வித்தை போதாது என்று முடிவுகட்டுவதும் சரியன்று. "பெண் வயலின் வேண்டாம்" என்று ஒரு பாடகர் சொன்னதற்காக, அழைப்பிதழில் அச்சேறிய பிறகு என் பெயர் நீக்கப்பட்டிருக்கிறது. காரணம் கேட்டபோது, "அவர் குரலுக்கு உங்கள் வாசிப்பு ஈடுகொடுக்காது என்கிறார்" என்ற பதில்தான் வந்தது, இத்தனைக்கும் அவர் என் வாசிப்பைக் கேட்டதே இல்லை. வயலின் கலைஞர்களில் சங்கீத கலாநிதி விருது பெற்ற முதல் பெண் ஏ. கன்யாகுமரி, அந்த ஆண்டு 2016 என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

பாட்டு நோட்டைப் புரட்டித் தேர்வுக்கு மட்டும் தயார்செய்யும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆகவே சபாக்களின் பட்டியலைப் பார்ப்பதை விட்டு, ஒரு வகுப்பு முழுவதும் உடன் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியரின் வயலின் பெட்டியிலேயே கிடக்கிறதா, அவர் கையில் இருக்கிறதா? தந்தியை முறுக்கும் பிருடையைத் திருப்பி ஸ்ருதி சேர்க்கக் குழந்தையைப் பழக்குகிறாரா, நேரமாகிறதென்று தாமே சேர்த்துக் கொடுத்துவிடுகிறாரா? குழந்தை தடுமாறும் இடத்தில் "தப்பு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாரா, அந்த ஒரு பிடியைத் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டுகிறாரா?